தட்டு ஓரத்தில் ஒரு மீன் துண்டு

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

"லீவுக்கு எங்கடா போன?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் கொடைக்கானல் என்போம் (போகாவிட்டாலும்!). நான் போனது கீழக்கரைக்கு. எதற்கு என்கிறீர்களா? சாப்பிடுவதற்கு! சிரிக்காதீர்கள் நண்பர்களே, முழுசாகப் படியுங்கள்.

நான் திருமங்கலத்துக்காரன். எங்கள் ஊரில் கடல் இல்லை, குண்டாறு உண்டு. மழை பெய்தால் நாலு நாள் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலும்தான். அந்த ஆறு கடைசியில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது என்று படித்ததோடு எனக்கும் கடலுக்கும் சம்பந்தம் முடிந்தது. மீன் என்றால் கண்மாய்க் கெண்டை, இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் வருவது.

என் வகுப்பில் ஒருவனைக் 'கீழக்கரை' என்றுதான் கூப்பிடுவோம். விடுதியில் இருக்கிறான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா முதல் நாளே யோசனையில் இறங்கிவிட்டாள்.

"கோழின்னா அவுக முறைப்படி அறுத்ததா இருக்கணும்பாக. நமக்கென்ன தெரியும்? மீனே எடுத்துருவோம்டா. கடக்கரைப் புள்ளைக்கு மீனு பிடிக்காமயா போகும்?"

விலை கூடின மீனாகத்தான் பார்த்து வாங்கினாள். மண்சட்டியில் குழம்பு கொதித்தது. அவன் குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டான். மீன் துண்டு மட்டும் தட்டு ஓரத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவன் போனபிறகு தட்டை எடுத்த அம்மா, "நம்ம கைப்பக்குவம் புள்ளைக்குப் பிடிக்கல போல" என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. அவனிடம் கேட்கவில்லை, மறக்கவும் இல்லை.

இந்த மே மாதம் பரீட்சை முடிந்ததும், "எங்க ஊருக்கு வா மாப்ள" என்றான். போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமநாதபுரம், அங்கே மாறிக் கீழக்கரை. வழியெல்லாம் பனைமரம்.

வள்ளல் சீதக்காதி பிறந்த ஊர் அது. வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவுடன் அது தெரிந்துவிட்டது. "வாங்க தம்பி, கையக் கழுவுங்க" என்றார்கள் அவன் உம்மா. வேறு பேச்சே இல்லை. நகரை மீன் ஆணம் (குழம்பை ஆணம் என்பார்கள்), விளமீன் பொரியல், கணவாய் வறுவல், நண்டு. நகரையின் சதை விரல் பட்டதும் முள்ளை விட்டுக் கழன்று வந்தது. நம் மெஸ்ஸில் மாதம் ஒருநாள் போடுகிறார்களே, அதையும் மீன் என்றா இத்தனை நாள் நம்பியிருந்தேன்! நண்டை உடைக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் ஆணம். ராத்திரி வட்டிலப்பம். முட்டையும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் அடித்து ஆவியில் வேகவைத்தது. எத்தனை துண்டு சாப்பிட்டேன் என்று எழுதினால் ஆண்டு மலருக்கே அவமானம்.

நடுவில் தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனேன். உம்மாவும் அவன் தங்கையும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் மீன் இல்லை. கருவாடு! என்னைப் பார்த்ததும் உம்மா தட்டை லேசாகத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனபோது புரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். 2001இல் இந்தத் தடை வந்தபோது 45 நாள்தானாம், 2017இலிருந்து 61 ஆக்கிவிட்டார்கள். நாட்டுப்படகுக்குத் தடையில்லை. அதனால் கரைக்கு வருவது கொஞ்சம் மீன், விலையோ யானை விலை. அவன் வாப்பா மண்டபத்தில் விசைப்படகில் டிரைவர். படகு கரையேறிவிட்டது, என்ஜினைப் பிரித்துப்போட்டு வேலை பார்க்கிறார். குடும்பத்துக்கு அரசு நிவாரணம் 8,000 ரூபாய். 61ஆல் வகுத்துப் பார்த்தேன், நாளைக்கு 131 ரூபாய். நேற்று நான் சாப்பிட்ட நகரையும் விளமீனும் எத்தனை நாள் காசோ!

ஏலக் கூடையிலிருந்து அவன் ஒரு மீனைத் தூக்கினான். "செவுளைப் பாரு, ரத்தச் செவப்பா இருக்கணும். கண்ணு முட்டிக்கிட்டு நிக்கணும். விரலால அமுக்குனா குழி விழுந்து உடனே எந்திரிக்கணும்."

சட்டென்று கேட்டுவிட்டேன். "அன்னிக்கு எங்க வீட்டுல ஏன்டா துண்டைத் தொடல?"

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். "வாயில வச்சேன் மாப்ள, முடியல. ரொம்ப நாள் ஐஸ்ல கெடந்த மீனு. எனக்காக வாங்கி ஆக்குன அம்மாட்ட அத எப்படிச் சொல்றது? அதான் ஆணத்த ரெண்டு தடவ ஊத்துனேன். ஆணம் நல்லாத்தான் இருந்துச்சு."

ஒரு வருடம் மனசுக்குள் வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும், "உம்மா, இன்னிக்கு எனக்கும் கருவாடுதான்" என்றேன். "விருந்துக்கு வந்த புள்ளைக்கு யாராவது கருவாடு போடுவாகளா?" என்று ஒரே சத்தம். நானும் விடவில்லை. கத்தரிக்காய் போட்டு வைத்த கருவாட்டு ஆணம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் விருந்தைவிட அதுதான் இன்னும் நாக்கில் நிற்கிறது.

அன்று மத்தியானம் அடுப்பில் பெரிய சட்டி ஏறியது. தொதல்! பச்சரிசி மாவு, கருப்பட்டி, பத்துத் தேங்காயின் பால். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதையே டோடோல் என்கிறார்கள். கப்பல் ஓட்டிய மரைக்காயர்கள் ஊரல்லவா! "நான் கிண்டுறேன்" என்று அகப்பையை வாங்கினேன். முதல் அரைமணி நேரம் பாயசம் மாதிரி சுலபமாகப் போனது. அப்புறம் இறுகியது பாருங்கள்! ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் தூங்கிவிட்ட நண்பர்கள் விஸ்காசிட்டி என்றால் என்னவென்று தெரிய தொதல் கிண்டினால் போதும். கை மாற்றிக் கை மாற்றி மூன்று மணி நேரம். தேங்காய் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுமினுக்க, சட்டியில் ஒட்டாமல் கரும்பழுப்பாய்த் திரண்டு வந்தது.

ஆறியதும் ஒரு டப்பா நிறைய அடைத்து என்னிடம் நீட்டினார்கள் உம்மா. "அம்மாட்ட குடுங்க தம்பி. அன்னிக்கு மீன் ஆக்கிப் போட்டாங்களாம்ல, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு வந்து சொன்னான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "எவ்வளவு நேரம்டா கிண்டுனாக?" மூன்று மணி நேரம் என்றதும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெறும் டப்பாவத் திருப்பிக் குடுக்கப்படாது. முறுக்குச் சுடணும். அவனக் கூட்டிட்டு வா. ஆனா மீனு வேணாம்டா."

"மீனே எடுப்போம்மா. நான் பாத்து வாங்கிட்டு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை நாலு கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். கடைசிக் கடைக்காரர் பொறுமையிழந்து, "தம்பி என்ன கடக்கரையா?" என்றார். அன்றைக்குக் கடல் மீன் ஒன்றும் தேறவில்லை. தொட்டியில் உயிரோடு துள்ளிய ஜிலேபிக் கெண்டை ஒரு கிலோ வாங்கி வந்தேன்.

கீழக்கரை வந்தான். கெண்டை முள்ளோடு மல்லுக்கட்டி, "என்ன மாப்ள, இவ்வளவு முள்ளு!" என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டான். அம்மா அவன் தட்டு ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள்ளைத் தவிர ஒன்றுமில்லை. இன்னொரு துண்டை எடுத்து வைத்தாள்.