தாம்பரத்துல நின்ன ராமேஸ்வரம் ரயில்

நேத்து சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன்ல ராமேஸ்வரம் ரயில் நின்னுட்டு இருந்துச்சு.
புது பாம்பன் பாலம் திறந்தப்போ, 2025 ஏப்ரல்ல விட்ட வண்டி.

ஒரு பாட்டி ஜன்னலோரம் உக்காந்து, மடியில தூக்குவாளியைக் கெட்டியா புடிச்சுட்டு இருந்தாங்க.

எனக்கு ராமேஸ்வரம் தாண்டி இருக்குற தனுஷ்கோடி ஞாபகம் வந்துடுச்சு.

1914-ல பாம்பன் பாலம் வந்ததும் அந்த மணல் முனைக்கும் ரயில் போச்சு. எழும்பூர்ல கிளம்புற போட் மெயில் இதே தாம்பரம் வழியாத்தான் போகும். தனுஷ்கோடியில இறங்கி கப்பல் ஏறினா தலைமன்னார். அங்கேருந்து மறுபடி ரயில், கொழும்புக்கு.

கொழும்புக்கு இங்கேயே டிக்கெட் எடுத்திருக்காங்க!

1964 டிசம்பர் 22 ராத்திரி.
புயல்.
பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை நெருங்குற நேரத்துல அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு. உள்ள இருந்த 100க்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தர்கூட பிழைக்கல.

அந்த ஊர்ல இனி மனுஷங்க வாழ முடியாதுன்னு அரசு அறிவிச்சுது. ஆனாலும் மீனவர்கள் இன்னைக்கும் அங்கதான் இருக்காங்க. ஸ்டேஷன் மட்டும் திரும்பி வரல. மணல்ல அரிச்சுப்போன சுவர்கள்தான் மிச்சம்.

2019-ல புதுப்பாதைக்கு அடிக்கல் நாட்டினாங்க. இன்னும் ரயில் போகல.

பாதை வருதோ இல்லையோ, போட் மெயில்ல தனுஷ்கோடிக்குப் போனவங்களோட ஞாபகம் அழியக்கூடாது. அவங்கள்லாம் இப்போ அறுபதைத் தாண்டியிருப்பாங்க.

உங்க வீட்டுல யாராவது போட் மெயில்ல தனுஷ்கோடி வரைக்கும் போயிருக்காங்களா? அவங்ககிட்ட கேட்டு, சொல்றதை அப்படியே எழுதுவீங்களா?