மரத்துப்போன நாக்கு

செப்டம்பர் 11
காலை முழுக்கக் கண்புரை அறுவைதான். "ஊசி போடுவீங்களாம்மா?" என்று பயந்துகொண்டே படுத்தார் ஒரு பாட்டி. "ஊசி இல்லை பாட்டி, சொட்டு மருந்துதான். லேசா எரியும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க." எரிந்தது. இமையை இறுக்கினார், சற்றுப் பொறுத்துத் தளர்த்தினார். பஞ்சு முனையால் கருவிழியைத் தொட்டேன், சிமிட்டவில்லை. 1884இல் இதே தேதியில் வியன்னா பொது மருத்துவமனையில் கார்ல் கோலர் ஒருவருக்குக் கண்ணில் கொக்கைன் சொட்டுவிட்டு கிளாக்கோமா அறுவை செய்தார். அவருக்கு அப்போது வயது 26.

செப்டம்பர் 12
ஈதரும் குளோரோஃபார்மும் அன்றைக்கே இருந்தன, ஆனால் கண்ணுக்கு அவை சரிப்படவில்லை. மயங்கிக் கிடப்பவரிடம் "கீழே பாருங்கள்" என்று சொல்ல முடியாது. தெளிந்ததும் வாந்தி வரும். ஓங்கரிக்கும்போது கண்ணில் அழுத்தம் ஏறும், தையல் போடாத புண் பிளந்துகொள்ளும். அதனால் பலருக்கும் விழித்திருக்கும்போதே கத்தி வைத்தார்கள். அந்த வலியை நினைத்தால் இன்று எனக்குக் கை கூசுகிறது.

கொக்கைனைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் நீமான், அது நாக்கை மரக்கச் செய்வதை 1860லேயே எழுதிவைத்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் அது வெறும் குறிப்பாகவே கிடந்தது.

செப்டம்பர் 13
கோலரின் நண்பர் சிக்மண்ட் ஃப்ராய்ட். கொக்கா பற்றிய அவருடைய கட்டுரை அந்த ஜூலையில் வந்தது. ஆனால் அவர் மனம் சோர்வையும் மார்ஃபின் பழக்கத்தையும் அதனால் போக்குவதில்தான் இருந்தது. கோடை முடிவில் வருங்கால மனைவியைப் பார்க்க வான்ட்ஸ்பெக் போய்விட்டார். புகழ் கைநழுவியதற்கு அந்தப் பயணத்தைக் காரணம் காட்டினார் பிற்காலத்தில். எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்ணை மரக்கச் செய்யும் மருந்தைத் தேடி, கோலர் அதற்கு முன்பே மார்ஃபின், குளோரல் என்று விலங்குகளின் கண்ணில் விட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார். எங்கல் என்ற சக மருத்துவர் பேனாக்கத்தி முனையில் கொக்கைனை எடுத்துச் சுவைத்து, நாக்கு மரக்கிறதே என்றபோது, தேடியது தன் சட்டைப்பைக்குள்ளேயே இருப்பது கோலருக்குச் சட்டென்று உறைத்தது. தேடித் தோற்றவர் என்பதால்தான் உறைத்தது.

நேராக ஆய்வுக்கூடம். முதலில் தவளைக் கண், பிறகு முயல், நாய். கடைசியில் கோலரும் உடனிருந்த கேர்ட்னரும் ஒருவர் கண்ணில் மற்றவர் சொட்டுவிட்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசியின் தலையால் தங்கள் கருவிழியையே தொட்டுப் பார்த்தார்கள். தொட்டது தெரியவில்லை.

செப்டம்பர் 15
1884இல் இதே நாளில் ஹைடெல்பெர்க் கண் மருத்துவ மாநாட்டில் கோலருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. பயணச் செலவுக்குப் பணமில்லாததால் அவர் போகவில்லை. அவருக்காக வாசித்தவர் ட்ரியெஸ்ட் நகரின் ப்ரெட்டாவர். செய்தி வேகமாகப் பரவியது, தீங்கும் கூடவே பரவியது. நியூயார்க்கில் கொக்கைனை நரம்பருகே ஊசியாகப் போட்டுச் சோதித்த அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் அதற்கே அடிமையானார். மார்ஃபினை விடவைக்க ஃப்ராய்ட் கொக்கைன் கொடுத்த நண்பர் ஃப்ளைஷல் இரண்டிலும் சிக்கி, 1891இல் இறந்தார். கொக்கைனை விடப் பாதுகாப்பான நோவோகைன் வர, 1884இலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் ஆயின.

கோலருக்கு வியன்னாவில் இடமில்லை. யூதர் என்று இழிவுபடுத்திய சக மருத்துவரோடு 1885 ஜனவரியில் வாள் சண்டை, பிறகு ஊரைவிட்டே போனார். 1888இல் நியூயார்க் சேர்ந்து, கண் மருத்துவராகவே வாழ்ந்தார்.

வியன்னாவைவிட்டுப் போகுமுன் இன்னோர் அறுவைக்கும் அவர் உடனிருந்தார். ஃப்ராய்டின் தந்தை யாக்கோபுக்குக் கிளாக்கோமா. கத்தி பிடித்தவர் கண் மருத்துவர் கோனிக்ஸ்டைன், சொட்டுவிட்டவர் கோலர், பக்கத்தில் ஃப்ராய்ட்.