தாயில்பட்டி: மருந்து படிந்த கைகளும் பள்ளிக்கூட வாசலும்

நாளிதழில் தாயில்பட்டி என்ற பெயரைப் பார்த்ததும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேர்?" என்றுதான். செய்தியை வாசிப்பது அதற்குப் பிறகு. வெடிவிபத்துச் செய்திகளின் தொடக்கத்தில் இந்த ஊர்ப்பெயர் அத்தனை முறை அச்சாகியிருக்கிறது. 2022 மார்ச்சில் பக்கத்திலுள்ள விஜயகரிசல்குளத்தில் தொல்லியல் துறை குழி தோண்டத் தொடங்கிய பிறகுதான் சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் உருவம் என்று இந்தப் பக்கத்திலிருந்து நல்ல செய்திகளும் போயின. வெம்பக்கோட்டை அகழாய்வு என்று நாடறிந்தது அதுதான். வைப்பாற்றங்கரையில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைத்தொழில் தெரிந்த மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று மண்ணே சொன்னது.

அந்தக் கைத்தொழில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, வேறு உருவத்தில். சாத்தூரிலிருந்து வந்தாலும் சிவகாசியிலிருந்து வந்தாலும், தாயில்பட்டியை நெருங்கும்போது சாலையோரக் கரிசல் காட்டுக்குள் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்க்கலாம். நடுவில் வேம்பும் வேலிக்கருவையும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. மருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது விதி. அந்த எண்ணிக்கையை மீறிய நாட்களில்தான் சாவுக் கணக்கு இரட்டை இலக்கத்துக்குப் போகிறது.

ஊரில் யாரும் பட்டாசுத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. வெடியாபீஸ், தீப்பெட்டியாபீஸ்தான். "அம்மா எங்கப்பா?" என்று கேட்டால் "ஆபீஸுக்குப் போயிருக்கு" என்பான் பையன். குழாய் சுருட்டுவது, திரி செருகுவது, சரம் பின்னுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூலி, எண்ணிக்கைக் கணக்கில். சரவெடிக்கும் பேரியம் கலந்த வெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு கைவேலைகள் பல குறைந்தன. குறைந்த கூலியை ஈடுகட்ட வீட்டுக்குள்ளேயே கள்ளத்தனமாக வெடி செய்யும் பழக்கம் பெருகியது. அதற்கும் சேர்த்து இந்த வட்டாரம் உயிரைக் கொடுத்திருக்கிறது.

மழை குறைந்த, வானம் பார்த்த பூமி இது. தீக்குச்சி காய்வதற்கும் வெடி காய்வதற்கும் இந்த வறட்சியே முதலீடு. அதற்கு முன்னால் இதே கரிசலில் விளைந்தது பருத்தி. இந்தப் பருத்தியின் கதையைச் சொல்ல நான் கொஞ்ச தூரம், கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தின் குறுக்காக ஒரு கரிசல் பட்டை ஓடுகிறது. பெயரே பிளாக் பெல்ட். முதலில் மண்ணின் நிறத்தை வைத்து வந்த பெயர். அந்த மண்ணில் பருத்தி எடுக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து குவித்ததால் பிறகு மக்களின் நிறத்துக்கும் அதுவே பெயராயிற்று. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் அபராதம் என்று 1832-ல் அந்த மாநிலம் சட்டமே போட்டிருந்தது. 1861-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு போகும் வழி அடைபட்டது. உடனே இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. நம் கரிசல் காட்டுப் பஞ்சும் அந்த விலையில் கப்பல் ஏறியது. அலபாமாக்காரன் விடுதலைக்காக நடந்த சண்டையின் நிழல் சாத்தூர், விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) கமிஷன் கடைகளிலும் விழுந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்?

போர் முடிந்து விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும் என்பதே அந்த மக்களின் முதல் பசியாக இருந்தது. அலபாமாவின் டஸ்கிகி என்ற சிற்றூரில் அடிமையாகப் பிறந்து தகரவேலை செய்துவந்த லூயிஸ் ஆடம்ஸ், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வெள்ளை அரசியல்வாதியிடம், எங்களுக்கு ஒரு பள்ளி வாங்கிக் கொடுங்கள் என்றார். ஆண்டுக்கு 2,000 டாலர், அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும், மாநில அரசு ஒதுக்கியது. கட்டடம் இல்லை, இடம் இல்லை. 1881 ஜூலை 4 அன்று, தேவாலயத்தை ஒட்டிய ஓர் இற்றுப்போன கொட்டகையில், ஆசிரியராக வந்த புக்கர் டி. வாஷிங்டன் 30 மாணவர்களோடு வகுப்பைத் தொடங்கினார். கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். மாணவர்களே சூளை போட்டார்கள். மூன்று சூளை வீணாய்ப் போயிற்று. நான்காவது சூளைக்கு வாஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வைத்தார். இன்று அது டஸ்கிகி பல்கலைக்கழகம். பருத்தி உறிஞ்சித் தீர்த்த மண்ணைத் தேற்ற நிலக்கடலை போடுங்கள் என்று உழவர்களுக்குச் சொன்ன ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-ல் இங்கேதான் வந்து சேர்ந்தார். நிலக்கடலை போட்டுப் பழகிய நம் கரிசல் சம்சாரிக்கு அந்த யோசனையை விளக்க வேண்டியதே இல்லை.

அந்த 1880-களில் தாயில்பட்டியிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவிலிருந்த விருதுபட்டியிலும், தங்களுக்கான பள்ளியைத் தாங்களே எழுப்பும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. நாடார் மக்களைக் கோயிலுக்குள் விடாத காலம். வணிகத்தில் முன்னேறியிருந்தாலும் வாசல்கள் அடைத்தே கிடந்தன. கமுதிக் கோயிலுக்குள் 1897-ல் நுழைந்ததற்காக வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றார்கள். நடுவில் 1899 ஜூனில் சாதிக் கலவரத்தில் சிவகாசியே பற்றி எரிந்தது. அந்த நாட்களின் வடு இந்த வட்டாரத்து முதியவர்களின் பேச்சில் நெடுநாள் இருந்தது.

அவர்களிடம் இருந்தது உறவின்முறை என்ற ஊர்ச் சங்கமும் மகமையும். மூட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி மகமை. கிணறும் பேட்டையும் அதிலிருந்து வந்தன; 1889-ல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலையும் வந்தது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக்கூடாது. அதற்கு வீட்டுப் பெண்கள் கண்ட வழிதான் பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள்; சேர்ந்த அரிசியை வசூலித்து விற்ற பணம் பள்ளிக்குப் போகும். எழுத்தறியாத தாய்மார்கள் தங்கள் சோற்றிலிருந்து எடுத்து நடத்திய பள்ளி அது. எனக்கு டஸ்கிகிச் சூளையைவிட இந்தக் கலயம் பெரிதாகத் தெரிகிறது. வேறு சாதிப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் படித்து, தகப்பனை இழந்து, சிறு வயதிலேயே படிப்பை விட்டுக் கடைக்குப் போன ஒரு பையன்தான் பிற்பாடு முதலமைச்சராகி 1956-ல் மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவு போட்டார். காமராஜருக்கு அந்தத் திட்டம் எந்த அறிக்கையைப் படித்தும் வந்திருக்காது என்றே நம்புகிறேன். பிடி அரிசியில் படித்தவர் அவர்.

பிறகு வந்தது தீப்பெட்டிக் காலம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள், 1940-களில் பட்டாசு. அந்த வருமானத்திலும் மகமையிலும் கல்லூரிகள் எழும்பின. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947, வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி 1962, சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963, ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968. மழை பெய்யாத ஊர்களில் இத்தனை கல்லூரிகள் முளைத்ததை நினைத்தால் மனம் நிறைகிறது.

ஆனால் தாயில்பட்டியில் நின்று பார்த்தால் அந்தக் கணக்கின் மறுபக்கமும் தெரியும். அந்தக் கல்லூரிகள் எழும்பிய அதே ஆண்டுகளில், விடியுமுன் இருட்டோடு வந்த ஆபீஸ் வண்டிகள் இந்தக் கிராமங்களின் பிள்ளைகளைத் தூக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு போயின. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் தேவைப்பட்டன. அவர்களில் தலித் பிள்ளைகள் ஏராளம், பிற ஏழைச் சாதிப் பிள்ளைகளும் உண்டு. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையை அபாயத் தொழிலில் வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிவகாசியை வைத்து வந்த தீர்ப்பு அது. வாசல் அடைபட்ட வலியை அறிந்த ஓர் ஊர், பிறத்தியார் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலை அடைத்து வைத்திருந்தது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் பிடி அரிசி போட்ட தாய்மாருக்கும் நியாயம் செய்ததாகாது.

இன்றைக்கு அந்த இருட்டு வண்டிகள் ஓய்ந்துவிட்டன. காலையில் தாயில்பட்டிச் சாலையில் ஆபீஸ் வேனும் கல்லூரிப் பேருந்தும் முன்பின்னாகப் போகின்றன. வேனில் தாய், பேருந்தில் மகள். நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும் கையால் பேருந்துக் காசு எண்ணிக் கொடுக்கிறார் தாய். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அந்தப் பெண்தான். ஒரே ஒரு அறையில் பொறி தட்டினால் அவள் படிப்பும் அன்றோடு நின்றுவிடும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகளால் எத்தனை வீடுகளில் படிப்பு அப்படி நின்றதோ.

விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறேன். ஆனால் பிள்ளை படிக்கத் தாய் சாக வேண்டியதில்லை. மூட்டைக்கு மகமை எடுத்துக் கல்லூரி கட்டத் தெரிந்த மாவட்டம் இது. ஆலையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் ஒரு ரூபாய் மகமை எடுத்து, அந்தப் பெட்டியை நிரப்பிய கைகளின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணமாகக் கொடுக்க ஆலை அதிபர்களும் உறவின்முறைகளும் கல்லூரி நிர்வாகங்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். தீபாவளிக்கு வெடி வாங்கும் வெளியூர்க்காரர்கள் அந்த ஒரு ரூபாயைத் தர மறுக்க மாட்டார்கள். மே மாதம் கல்லூரிச் சேர்க்கை தொடங்குகிறது, அதற்குள் உட்காருங்கள்.