இந்த 'இன்' எந்த 'இன்'?

ஆங்கிலத்தில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். முன்னும் பின்னும் சின்னச் சின்ன ஒட்டுக்களைச் சேர்த்து அதை நாலு சொல்லாகப் பெருக்கிக்கொள்ளலாம். 'ஹாப்பி' என்றால் சந்தோஷமாக இருப்பது. முன்னால் 'அன்' வந்து உட்கார்ந்தால் சந்தோஷம் பறந்துவிடும். பின்னால் 'நெஸ்' என்று சேர்த்து 'அன்ஹாப்பினெஸ்' ஆக்கினால், துக்கமே வீட்டில் குடிவந்துவிடும்!

ஆனால், இந்த ஒட்டுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது, சகோதரிகளே!

என் அக்காள் மகள் எட்டாவது படிக்கிறாள். 'இன்' என்று முன்னால் வந்தால் 'இல்லை' என்று அர்த்தம் என்பது அவள் பாடம். 'கரெக்ட்' சரி, 'இன்கரெக்ட்' தப்பு. ஒரு நாள், நகப்பூச்சை அழிக்கும் திரவம் இருந்த புட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பதறிப்போய் எடுத்தேன்.

"ஏன் சித்தி பயப்படுகிறீர்கள்? 'இன்ப்ளேமபிள்' என்று போட்டிருக்கிறதே! தீப்பிடிக்காது!" என்றாள்.

விஷயமே நேர்மாறு. லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு 'இன்'கள் வந்து சேர்ந்தன. ஒன்றுக்கு 'இல்லை' என்று பொருள். மற்றொன்றுக்கு 'உள்ளே' என்று பொருள். 'இன்ப்ளேமபிள்' என்பதில் இருப்பது இரண்டாவது. தீ உள்ளே புகுந்து பற்றக்கூடியது என்று அர்த்தம். ஆங்கிலத்துக்குச் சொந்தமாகவும் ஓர் 'இன்' உண்டு. அதற்கும் 'உள்ளே' என்றுதான் பொருள். 'இன்கம்' என்றால் வராத பணம் என்றா சொல்கிறோம்? (மாதக் கடைசியில் அப்படித்தான் தோன்றும்; அது வேறு விஷயம்!)

இந்தக் குழப்பம் உயிருக்கே உலை வைக்கும் என்று பயந்துதான், அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'இன்'னை எடுத்துவிட்டு 'ப்ளேமபிள்' என்று எழுதும்படி வற்புறுத்தியது. 1959-ல் பிரிட்டிஷ் தர நிர்ணய ஸ்தாபனமும் அதையே சொல்லிற்று. ஆனாலும் நம் ஊர் பெட்ரோல் லாரிகளின் முதுகில் 'ஹைலி இன்ப்ளேமபிள்' என்ற எழுத்துக்களை இன்றும் பார்க்கலாம்.

ஆகவே, 'ப்ளேமபிள்' என்றாலும் 'இன்ப்ளேமபிள்' என்றாலும் ஒன்றேதான்: பற்றிக்கொள்ளும்! நகப்பூச்சை அழிக்கும் திரவங்கள் பலவற்றில் 'அஸிடோன்' இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தாழ்வாகவே பரவி, சற்றுத் தள்ளியிருக்கும் நெருப்பைக்கூடத் தொட்டுவிடும். செண்ட்டு, தலைமயிருக்கு அடிக்கும் ஸ்ப்ரே, பெயிண்டில் கலக்கும் தின்னர் எல்லாவற்றின் லேபிளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். அடுப்பையும் சுவாமி விளக்கையும் விட்டுத் தூரத்தில் வையுங்கள்.

தீப்பிடிக்காத சாமானுக்கு ஆங்கிலத்தில் 'நான்' என்ற ஒட்டு முன்னால் வரும்: 'நான்ப்ளேமபிள்'. வேடிக்கையைப் பாருங்கள்! குடும்பத்தில் 'நான், நான்' என்று யாராவது முன்னால் வந்தால் சண்டை பற்றிக்கொள்கிறது. லேபிளில் மட்டும், 'நான்' முன்னால் வந்தால்தான் பற்றிக்கொள்ளாது!