காகிதம் போகும் திசை

வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு முதல் காரணம் வெறும் கௌரவம். வேலை, வசதி, செலவு எல்லாம் பிறகு நானே சேர்த்துக்கொண்ட சமாதானங்கள்.

சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கொரோனாவுக்குப் பிறகு, திருவொற்றியூர் காலடிப்பேட்டை வீட்டிலிருந்தே சிறிய கஸ்டம்ஸ் புரோக்கர்கள் சிலருக்கு அதே வேலையைச் செய்துகொடுக்க ஆரம்பித்தேன். சரக்கு இறக்குமதி செய்பவர் அனுப்பும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி, எண்களை ஒப்பிட்டு, கோப்பாக்கி, புரோக்கருக்கு அனுப்ப வேண்டும். யாராவது போனில் "ஆபீஸ் எங்கம்மா?" என்று கேட்டால் "திருவொற்றியூர்ல சார்" என்பேன். பொய் இல்லை. ஆனால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கிடக்கும் ஒரு மேசையைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது. அந்த மேசையின் ஓரத்தில் கறுப்பாக, கனமாக ஒரு மெஷின் உட்கார்ந்து, பச்சை விளக்கு மினுக்கி, கலரில் தாள் தள்ளினால் வீடு ஆபீஸாகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது.

அந்தக் கணக்கைக் கலைத்தவர் தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணன். மாசக் கணக்கில் அவரிடம்தான் என் வேலை ஓடிக்கொண்டிருந்தது. "இனிமே உங்கள தொந்தரவு பண்ண மாட்டேண்ணே, சொந்தமா பிரிண்டர் வாங்கப் போறேன்" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ எங்கம்மா பிரிண்ட் எடுக்கற? ஸ்கேன்தானே பண்ணிக்கினு போற!"

கல்லாவுக்கு அடியிலிருந்து நீள நோட்டை எடுத்து என் பக்கத்தைத் திருப்பினார். பக்கம் முழுக்க 'ஸ்கே', 'ஸ்கே' என்று அவர் கிறுக்கல். நடுவில் எங்கோ ஒன்றிரண்டு 'பி'. கலர் என்று இருந்தவை என் பையனின் பள்ளி புராஜெக்டுக்கு எடுத்த படங்கள் மட்டுமே. என் தொழில் எப்படி நடக்கிறது என்பதை என்னைவிட அந்த நோட்டு சரியாகத் தெரிந்துவைத்திருந்தது.

யோசித்தால் அதில் அதிசயம் இல்லை. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் இந்தத் தொழிலில் காகிதம் போகும் திசையே மாறிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு எடுத்துப்போக ஒவ்வொரு சரக்குக்கும் செட் செட்டாகத் தாள் அடிப்போம். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் படியேறினாலே லேசர் பிரிண்டரின் சூடான வாசனை வரும். 2017இல் இ-சஞ்சித் என்ற முறையை டெல்லி விமானச் சரக்ககத்திலும் நம் சென்னை கஸ்டம்ஸிலும்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். 2018இல் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆவணத்தை ஸ்கேன் செய்து, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு ஏற்றினால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். இறக்குமதிக்குத் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் அந்த எண்ணைக் குறித்தால் போதும். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நடுவே, சரக்கை வெளியே விடும் உத்தரவுப் பிரதியும் கேட் பாஸும் பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலிலேயே வர ஆரம்பித்தன. ஆக, காகிதம் வெளியிலிருந்து என்னிடம் வருகிறது. என்னிடமிருந்து போவது கோப்பு. அச்சடிக்க வேண்டிய தேவை எங்கோ ஓரத்தில் ஒதுங்கிவிட்டது.

"அப்படியென்றால் போன் போதுமே" என்பீர்கள். ஊரடங்கில் எங்கள் தொழிலில் பலரும் அப்படித்தான் ஓட்டினோம். கேம்ஸ்கேனர் என்ற செயலி இல்லாத போன் அப்போது கிடையாது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. வேறு செயலி கிடைக்காமல் இல்லை. ஆனால் போன் கேமராவில் எடுத்த தாளில் கை நிழல் விழும், ஓரம் வளையும். அதைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். 3 எது, 8 எது என்று தெரியாது. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். ஒன்று பிசகினாலும் சரக்கு யார்டில் நிற்கும், வாடகை ஏறும்.

ஜெராக்ஸ் கடையிலேயே தொடர்ந்திருக்கலாம், அண்ணன் நல்லவர். என்னை உறுத்தியது வேறு. இன்வாய்ஸில் இருக்கும் விலைதான் எங்கள் தொழிலில் பெரிய ரகசியம். எந்த ஊரில், யாரிடம், கிலோ என்ன விலைக்கு வாங்கினார் என்று ஒருவர் நம்பிக் கொடுத்த தாள், கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யாரோ ஒருவரின் ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே கிடக்கும். ஒவ்வொரு முறையும் நானே உட்கார்ந்து அழித்துவிட்டு வருவேன். மெஷின் வாங்க இது ஒன்றே நியாயமான காரணம். கௌரவத்தை ஒதுக்கிவைத்த பிறகுதான் இது கண்ணில் பட்டது.

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம். கடைத் தம்பி முதலில் நீட்டியது, நான் மனசில் வைத்திருந்த அதே கலர் மெஷின். "மேடம், ஆஃபர்ல போகுது, வைஃபை இருக்கு, கலர் சூப்பரா வரும்." விலை உண்மையிலேயே குறைவு. கார்ட்ரிட்ஜ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம்தான் வரும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அடுத்தது மைத் தொட்டி வைத்த இங்க் டேங்க் வகை. எப்சன் எல்3250 போன்ற மெஷினுக்கு ஒரு கறுப்பு பாட்டில் ஊற்றினால் சுமார் 4,500 பக்கம் வரும் என்று கம்பெனிக் கணக்கு. தினமும் அடிப்பவர்களுக்கு இதைவிட மலிவு கிடையாது. முதல் பாட்டிலில் கொஞ்சம் குழாய்களை நிரப்பவே போய்விடும் என்பதால் முதல் தடவை பக்கம் குறையும், பயப்பட வேண்டாம். ஆனால் அண்ணனின் நோட்டை நினைத்துக்கொண்டேன். வாரத்தில் நாலு தாள் அடிக்கிற வீட்டில் மை அச்சுத் தலையிலேயே காய்ந்து கோடு கோடாக வரலாம். தலையைச் சுத்தம் செய்யச் சொன்னால் மெஷின் இன்னும் கொஞ்சம் மையைத் துப்பும். துப்பிய மை உள்ளே ஒரு பஞ்சில் சேரும். அந்தப் பஞ்சு நிறைந்தால் மெஷின் நின்றுவிடும். அதை நாமே மாற்றக்கூடிய மாடலா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். மை எந்த வகை என்பதும் கேள்வி: 'டை' மையில் அடித்த தாள் மழையில் நனைந்தால் கரையும், 'பிக்மென்ட்' மை பெரும்பாலும் தாங்கும். டெலிவரி ஆர்டர் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யார்டில் நிற்கும் டிரைவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

கறுப்பு மட்டும் அடிக்கும் லேசரில் டோனர் வெறும் தூள். மாசக் கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது, நனைந்தாலும் கரையாது. பழைய ஆபீஸில் ஓடிய ஹெச்.பி. 1020இன் 12ஏ கார்ட்ரிட்ஜ் 2,000 பக்கம் தாங்கும். ஒரே தொல்லை மின்சாரம். தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் உருளை சூடாகும்போது கரண்டை வாரி இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யு.பி.எஸ்.ஸில் லேசரைச் சொருகக் கூடாது. நேராகச் சுவர் பிளக்கில்தான்.

கடைசியில் நான் கேட்டு வாங்கியது, கறுப்பு மட்டும் அடிக்கும் ஆல்-இன்-ஒன் லேசர், மேலே தாள் இழுக்கும் தட்டு கட்டாயம். ஏ.டி.எஃப். என்பார்கள். முப்பது தாள் அளவுக்கு அடுக்கிவிட்டு பட்டனை அழுத்தினால் ஒவ்வொன்றாக இழுத்து ஒரே கோப்பாக்கும். இது இல்லாத மெஷினில் மூடியைத் திற, தாளை வை, மூடு, திற என்று முதுகு ஒடியும். இன்னொரு லாபமும் உண்டு. பல மெஷின்களில் கண்ணாடி ஏ4 அளவுதான், மேல்தட்டு மட்டும் லீகல் அளவை ஏற்கும். முத்திரைத்தாளில் எழுதிய பாண்டு ஏ4ஐவிட நீளம். கண்ணாடியில் வைத்தால் கீழே இருக்கும் கையெழுத்து வெட்டுப்படும். வீட்டு வாடகைப் பத்திரம், நிலப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். டெமோ காட்டச் சொல்லும்போது கையில் ஒரு நீளத் தாளைக் கொண்டுபோங்கள்.

வைஃபை எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை கொடுத்தால், விலை குறைந்த பல பிரிண்டர்களுக்கு 2.4 மட்டும்தான் புரியும். அமைக்கும்போது போனையும் அதிலேயே சேர்த்துக்கொண்டால் பாதி வம்பு தீரும். கரண்ட் போய் வந்தால் மெஷின் 'ஆஃப்லைன்' என்று காட்டும். ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்திருக்கும், லேப்டாப் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்புக்குள் போய் அந்த முகவரியை நிரந்தரமாக்கிவிட்டால் தீர்ந்தது. இரண்டாம் கையாக வாங்குபவர்கள், 'கூகுள் கிளவுட் பிரிண்ட்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம்; அந்தச் சேவையை கூகுள் 2020 டிசம்பரோடு மூடிவிட்டது. போனிலிருந்து நேராக அடிக்க ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு பாடம் தனியாக உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். தூசி மட்டும் ஓயவில்லை. விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ராப்பகலாக ஓடுகின்றன, இந்தப் பக்கம் உப்புக் காற்று. ஒரு நாள் ஸ்கேன் செய்த எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழே முடிபோல் ஒரு கறுப்புக் கோடு. தாளில் கோடு இல்லை. பெரிய கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. பிறகுதான் அதன் இடது ஓரத்தில் விரல் அகலத்துக்கு இன்னொரு கண்ணாடிப் பட்டை இருப்பதைக் கவனித்தேன். மேல்தட்டில் போகும் தாளை அந்தப் பட்டை வழியாகத்தான் மெஷின் பார்க்கிறது. அதில் கடுகில் பாதி அளவு ஒரு புள்ளி. தாள் நகர்கிறது, புள்ளி நகரவில்லை, அதனால் புள்ளி கோடாகிவிடுகிறது. அந்தக் கோடு கன்டெய்னர் எண்ணின் 1 மேல் விழுந்திருந்தது. நூல் பிரியாத மெல்லிய துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். இப்போது காலையில் மேசையைத் துடைக்கும் கையோடு அதையும் துடைத்துவிடுகிறேன். தாள் கட்டை மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைக்கிறேன். வெளியில் கிடந்தால் ஈரம் இழுத்து இரண்டு இரண்டாக உள்ளே போகும்.

ஸ்கேன் அளவிலும் ஆசை கூடாது. எழுத்து மட்டும் உள்ள தாளுக்கு 200, 300 டி.பி.ஐ. தாராளம். 300ஐ 600 ஆக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும், கோப்பும் வீங்கும், அரசுத் தளம் ஏற்காமல் போகலாம்.

கலர் இன்றைக்கும் அண்ணன் கடையில்தான். பையனின் புராஜெக்ட் படங்களுக்காக ஒரு கலர் மெஷினை வீட்டில் வைத்துத் தீனி போடுவதைவிட, வேண்டும்போது நடந்து போய் எடுத்துக்கொள்வது லாபம். கௌரவத்தைப் பற்றிக் கேட்டால், நான் அனுப்பும் கோப்பைத் திறப்பவர் என் மேசையைப் பார்ப்பதில்லை. எண் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். இப்போதெல்லாம் ஆபீஸ் எங்கே என்று கேட்டால் "வீட்லதான் சார்" என்றே சொல்லிவிடுகிறேன். அதனால் யாரும் வேலை கொடுக்காமல் போகவில்லை.

பிரிண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதம், அச்சடித்தது எத்தனை, ஸ்கேன் எத்தனை, கலர் எத்தனை, நீளத் தாள் எத்தனை என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். கடைக்காரர் ஆஃபர் சொல்ல ஆரம்பிக்கும் முன் அந்தத் தாளை அவரிடம் நீட்டுங்கள்.