தலைப்பாகை கட்டிய நூல் நிலையம்

கோலாலம்பூருக்குப் போகும் நம்மவர்கள் பத்துமலைக்குப் போகிறார்கள். மஸ்ஜித் இந்தியாவில் சேலை எடுக்கிறார்கள். இரட்டைக் கோபுரத்தின் முன்னே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். துன் ரசாக் சாலையில் உள்ள தேசிய நூல் நிலையத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த பயணத்தில் அரைநாள் அதற்கும் ஒதுக்குங்கள்.

தித்திவங்சா நிலையத்தில் இறங்கினால் தூரம் அதிகமில்லை. கட்டடத்தின் கூரை, மலாய்க்காரர் விழாக்களில் அணியும் 'தெங்கோலோக்' தலைப்பாகையின் வடிவில் அமைந்தது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை இங்கே ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தமிழ் நூல்களும் அதில் அடங்கும்.

உள்ளே போனதும் இத்தனை அலமாரிகளா என்று மலைக்க வேண்டாம். நூல்களை எண் வரிசையில் அடுக்கும் முறை ஒன்று உண்டு. 320 என்றால் அரசியல், 331 தொழிலாளர், 370 கல்வி, 390 பழக்கவழக்கம். இந்த நான்கு எண்களும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற பார்வை நூல்களை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஆகவே குறிப்பேடும் பென்சிலும் கையோடு இருக்கட்டும்.

என்ன கேட்பது? கெர்னியல் சிங் சந்து 1969இல் எழுதிய, மலாயா இந்தியர் குடியேற்றம் பற்றிய நூலைக் கேளுங்கள். சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட, மலேசிய சிங்கப்பூர் இந்தியர் வரலாற்றைக் கேளுங்கள். இரண்டும் ஆங்கில நூல்கள். அதனால் என்ன? படித்த பிள்ளை வாசித்துப் பொருள் சொல்லட்டும்; பாட்டி கேட்கட்டும். கங்காணி ஆள்கட்டியதும் கப்பலில் வந்ததும் அவர் கேட்டு வளர்ந்த கதைதானே! நூலில் விட்டுப்போனதை அவர் சொல்ல, பிள்ளை எழுதிக்கொள்ளலாம்.

மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் தமிழ் நூல்கள் ஏராளம். வெளியார் முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்வது நல்லது. அந்தத் தமிழ் நூல்களுக்குப் பின்னால் நமக்கு உரிய கதை ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பில் வந்த காசைக் கொடுத்தார்கள். இந்திய இயல் துறை 1956இல் தோன்றியது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. பால்மரம் வெட்டிய கைகளுக்கு அந்த அலமாரிகளில் பங்கு உண்டு. அங்கே நாம் கூச்சப்பட்டு நிற்க வேண்டியதில்லை.

பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இருந்த இடத்தில் கடைவீடுகள் நிற்கின்றன. கோயிலும் பள்ளியும் இடம் மாறிவிட்டன. "தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு மண் இல்லை. நூலில் இருக்கும் நாலு வரியும், வீட்டுப் பெரியவர் சொல்லும் நாலு வார்த்தையுமே மிச்சம்.

பள்ளி விடுமுறை வருகிறது. புறப்படுமுன் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "எங்கள் தோட்டத்துப் பள்ளி எப்போது தொடங்கியது?" என்பது போதும். முகப்பில் இருக்கும் நூலகரிடம் அதைக் காட்டுங்கள். தேடித் தருவது அவர் வேலை. கேட்பது நம் உரிமை.