காலம் கடந்ததா?

வருணாசிரமம் என்ற சொல்லை மேடைதோறும் சாடுகிறோம். சாடும்போது முன்பாதிக்குத்தான் அடி விழுகிறது. பிறப்பினால் மனிதனை நான்காகப் பிரித்த வருணத்தை நாம் அறிவோம். அதன் அநீதியை அறிவோம். ஊருக்கு எடுத்துரைக்கவும் அறிவோம். பின்பாதியான ஆசிரமம் இருக்கிறதே, அது நம் வீட்டு நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது!

வாழ்நாளை நான்கு துண்டாக அறுத்து, இன்ன பருவத்தில் படி, இன்ன பருவத்தில் மணம் முடி, இன்ன பருவத்தில் காடு புகு, பிறகு துறந்து திரி என்று அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணையில் படிக்கும் பருவம் யாருக்கு இருந்தது? சூத்திரனுக்கு இல்லை. பெண்ணுக்கு இல்லை. அவளுக்குத் திருமணமே உபநயனம், கணவனுக்குப் பணி செய்வதே குருகுல வாசம் என்று மனுநூல் முடித்துவிட்டது. நமக்காகப் போடாத அட்டவணை. ஆயினும் அதைத் தலைமேல் சுமந்து திரிபவர் நாம். “படிக்கிற வயதிலே படித்திருக்க வேண்டும், இனி என்ன?” என்ற கேள்வியைக் கறுப்புச் சட்டைக்காரர் வீட்டிலும் கேட்கலாம். என் வீட்டில் கேட்டேன்.

என் தங்கைக்கு வயது 22. கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள்.

அரசுப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து நல்ல மதிப்பெண்ணோடு தேறியவள். தேறிய ஆண்டில் அப்பா படுத்தார். நான் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். தங்கை நூற்பாலைக்குப் போனாள். ஆலை விடுதியில் மூன்றாண்டு வாசம், முறைமாற்றி இரவும் பகலும் வேலை, மாதக் கூலியாகக் கொஞ்சம், மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை, அதைக்கொண்டு தாலி. ஆகையால் அந்த ஏற்பாட்டுக்குச் ‘சுமங்கலி’ என்று பெயர்! கன்னிப் பெண்ணின் உழைப்பை உறிஞ்சுவதற்கு எவ்வளவு மங்கலமான பெயர் கண்டுபிடித்தார்கள், பாருங்கள். மாதக் கூலி என் கல்லூரிக் கட்டணமாயிற்று. அவள் நூற்ற நூலில்தான் என் பட்டம் நெய்யப்பட்டது. மொத்தத் தொகை நகையாகி அம்மாவின் பெட்டியில் உறங்குகிறது.

காலம் கடந்தது என்கிறார்களே, கடத்தியவர் யார் என்று கேட்க வேண்டாமா? சோம்பிக் கிடந்து தாமதமாக வந்தவளா அவள்? வாயிற்கதவை வெளியிலிருந்து தாழிட்டுவிட்டு, திறந்தபின் “ஏன் இவ்வளவு நேரம்?” என்று அதட்டுவது எந்த ஊர் நியாயம்!

கால்நடை மருத்துவம் ஏன் என்று நானும் கேட்டேன். சென்ற கோடையில் எங்கள் தெருவில் ஓர் ஆடு ஈன முடியாமல் கிடந்தது. குட்டியின் தலை மடங்கிச் சிக்கிக்கொண்டது. மருந்தகம் எட்டுக் கல் தொலைவு. மருத்துவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, தங்கை கையைக் கழுவி, எண்ணெய் தடவி, உள்ளே விட்டு, தலையை நிமிர்த்தி, குட்டியை உயிரோடு எடுத்தாள். ஆட்டுக்கு ஆணின் பெரிய கை உதவாது அண்ணா, சிறிய கைதான் போகும் என்றாள் அன்று மாலை. அந்தக் கையைத்தான் மூன்றாண்டு நூலறுந்த இடத்தில் முடிச்சுப் போட வைத்திருந்தார்கள்.

தாய்மாமன் வந்தார். மாடு பார்க்கவா ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதுவும் பெண்பிள்ளைக்கு, என்று சிரித்தார். மாமா தன் மாட்டுக்குக் கோமாரி கண்டபோது அம்மன் குற்றம் என்று வேப்பிலை கட்டி மஞ்சள் நீர் தெளித்தவர். மாட்டின் வாய்ப்புண்ணுக்கு ஒரு கிருமி காரணம், ஆண்டுக்கு இருமுறை ஊசி போட்டால் தடுக்கலாம், அதற்கென்றே 2019-இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியிருக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல ஊரில் ஒருவர் வேண்டுமே, அந்த ஒருவர் ஏன் அவர் மருமகளாக இருக்கக் கூடாது? வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. மந்தை மந்தையாக மாடுகளைத் தின்றது. அது உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் அடியோடு அழித்த நோய் அதுதான். எந்தக் காளிக்கு எத்தனை கிடா வெட்டி அது ஒழிந்தது? தடுப்பூசி ஒழித்தது, அதைத் தூக்கிக்கொண்டு பட்டிதோறும் அலைந்த கால்நடை மருத்துவர்கள் ஒழித்தார்கள். செத்த மாட்டைத் தூக்க ஒரு சாதி என்று விதித்த ஊரில், சாகாமல் காக்கும் படிப்பு அந்தச் சாதிப் பிள்ளைக்கும் ஆலைக்குப் போன பிள்ளைக்கும் வருவதைவிடச் சிறந்த சீர்திருத்தம் எது?

தங்கைக்கு ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொன்னேன். அலீன் கஸ்ட், 1868-இல் அயர்லாந்தில் பிறந்தவர், சீமான் வீட்டுப் பெண். முதலில் தாதிப் பயிற்சிக்குப் போனார். மனம் விலங்குகள் மீதே நின்றது. எடின்பரோவிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1894-இல் சேர்ந்தபோது வயது 26. குடும்பப் பெயருக்கு இழுக்கு வரக்கூடாதென்று பெயரை மாற்றிக்கொண்டு படித்தார். வகுப்பிலே தேர்ந்தார், ஆனால் பட்டயம் தரும் அரச கழகம், பெண் என்பதால் 1897-இல் தேர்வு எழுத விடவில்லை. படிப்பை முடித்து, பட்டயமின்றியே அயர்லாந்தின் சிற்றூர்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் மருத்துவம் பார்த்தார். பெண் என்ற தடையை நீக்கும் சட்டம் 1919-இல் வந்தது. பட்டயம் 1922-இல் கைக்கு வந்தது. அப்போது வயது 54! கல்லூரி வாயிலில் கால் வைத்த நாளிலிருந்து 28 ஆண்டுகள். செல்வக் குடியில் பிறந்தும் பெண்ணென்றால் கதவு அவ்வளவு கனம்.

இங்கே கதவு அந்த அளவுக்குக் கனமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கியது; 1989-இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை அகற்றிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால், மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். பயிற்சி நிலையத்தில் பணத்தைக் கொட்ட முடியாத தங்கைகளுக்கு இதன் அருமை தெரியும். 2021-இல் வந்த சட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. இவை வானத்திலிருந்து விழவில்லை; வாதாடிப் பெற்றவை.

அம்மா கணக்குப் போடுகிறார்: படித்து முடிக்கும்போது 28 ஆகிவிடும், யார் கட்டுவார்? நானும் கணக்குப் போட்டேன்: அரசுப் பணியென்றால் 60 வரை, 32 ஆண்டு வேலை. எத்தனை மடிவீக்கம் தணியும், எத்தனை கன்று மூச்சுவிடும்! மணம் வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. மணத்துக்காகப் படிப்பு காத்திருந்தது போதும், இனிப் படிப்புக்காக மணம் காத்திருக்கட்டும் என்கிறாள். வீட்டுச் செலவு என் சம்பளத்தின் பொறுப்பு. புத்தகத்துக்கும் கைச்செலவுக்கும் பெட்டியிலுள்ள நகையை விற்கச் சொல்கிறாள். தாலிக்கென்று வந்த பணம் சவரக்கத்தி போன்ற அறுவைக் கத்தி வாங்கப் போவதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

விண்ணப்பம் அனுப்பிவிட்டாள், தரவரிசை இன்னும் வரவில்லை. வரும் ஞாயிறு பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களை, வரவேண்டாமென்று தரகரிடம் அவளே சொல்லிவிட்டாள். தூண்டிவிட்டவன் நான் என்று அம்மா என்னோடு பேசுவதில்லை. அவளோடு பேசுகிறார். ஆட்டுக்கு வயிறு உப்பினால் அவளைத்தானே கூப்பிட வேண்டியிருக்கிறது!